யாவர்க்கும் ஆம்: திருமூலரின் நான்கு வரிகளோடு ஆன்மிக வாழ்வைத் தொடங்குவது எப்படி?

"ஆன்மிகத்துல எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டியவர்கள். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிறவர்கள். உபநிடதம் வாங்கி வைத்திருப்பார்கள், பத்துப் பக்கம் தாண்டியிருக்காது. தியானத்துக்கென்று செல்போனில் ஒரு செயலியை இறக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து, அப்புறம் விட்டிருப்பார்கள். விட்டதை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேறு.

அவர்களுக்கு நான் சொல்வது திருமூலர் பாடிய திருமந்திரத்தின் ஒரே ஒரு பாட்டை. பத்தாம் திருமுறையான திருமந்திரத்தில் ஒன்பது தந்திரங்கள், அதாவது பெரும்பிரிவுகள், உண்டு. மூச்சுப் பயிற்சியும் தியானமும் சமாதியும் மூன்றாம் தந்திரத்தில்தான் வருகின்றன. அதற்கெல்லாம் வெகு முன்னால், முதல் தந்திரத்தில், 'அறஞ்செய்வான் திறம்' என்ற பகுதியில் இந்தப் பாட்டு இருக்கிறது.

யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை
யாவர்க்குமாம் பசுவுக்கு ஒரு வாயுறை
யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி
யாவர்க்குமாம் பிறர்க்கு இன்னுரை தானே

இறைவனுக்கு ஒரு பச்சை இலை வைப்பது எல்லோராலும் முடியும். பசுவுக்கு ஒரு வாய் புல் கொடுப்பது எல்லோராலும் முடியும். சாப்பிடும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது எல்லோராலும் முடியும். மற்றவரிடம் இனிமையாக ஒரு வார்த்தை பேசுவது எல்லோராலும் முடியும். உரை எழுதத் தேவையே இல்லாத பாட்டு.

'யாவர்க்குமாம்' என்று நான்கு முறை சொல்கிறார் பாருங்கள். சைவத்தில் முறைப்படி ஆன்மார்த்த பூசை, அதாவது தனக்காகத் தானே செய்யும் சிவபூசை, செய்ய வேண்டுமானால் தீட்சை வாங்க வேண்டும். அதற்குக் குரு வேண்டும், நியமம் வேண்டும், நேரம் வேண்டும். இந்த நான்கிற்கும் அதெல்லாம் தேவையில்லை. சாதி தேவையில்லை, படிப்பு தேவையில்லை, கையில் காசு இருக்க வேண்டும் என்றும் இல்லை. அவர் கேட்கும் அளவுகளையும் கவனியுங்கள்: ஓர் இலை, ஒரு வாய், ஒரு பிடி. தொடங்குகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் அளவில்தான். முதல் நாளே நூற்றெட்டு நாமம், ஒரு மணி நேர தியானம், சனிக்கிழமை விரதம் என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்வார்கள். இலையும் பிடியும் அப்படிக் கனக்காது.

நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நாற்பத்தெட்டு நாள், அதாவது ஒரு மண்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பச்சிலை மட்டும். எட்டாம் நாளிலிருந்து கைப்பிடியைச் சேருங்கள். இருபத்தோராம் நாளில் வாயுறை. முப்பத்தோராம் நாளிலிருந்து இன்னுரை. பாட்டின் வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பசுவைத் தேடிப் போவது நகரத்தில் இருப்பவருக்குக் கூடுதல் வேலை என்பதால் அதைக் கைப்பிடிக்குப் பின்னால் வைத்தேன். இன்னுரை கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

பச்சிலை

வீட்டில் பூசை அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் சமையலறை அலமாரியில் ஒரு தட்டு வைக்குமளவு இடம் போதும். உங்களுக்குப் பிடித்த தெய்வத்தின் ஒரு படம், ஒரு சிறிய பித்தளைத் தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர். இவ்வளவுதான் ஏற்பாடு.

குளித்ததும், காபிக்கு முன்னால், செல்போனைத் தொடுவதற்கு முன்னால் ஓர் இலையைத் தண்ணீரில் அலசி வலது கையால் படத்தின் முன் வையுங்கள். வைக்கும்போது 'நமசிவாய' என்றோ உங்கள் தெய்வத்தின் பெயரையோ ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணை மூடி ஐந்து மூச்சு நில்லுங்கள். முடிந்தது. இரண்டு நிமிடம் கூட ஆகாது. இதற்குமேல் செய்யத் தோன்றினாலும் முதல் வாரம் செய்யாதீர்கள். ஆசை மிச்சம் இருக்கும்போதே எழுந்துவிட்டால்தான் மறுநாள் கால் தானாக அங்கே போகும்.

என்ன இலை? சிவனுக்கு வில்வம், பெருமாளுக்குத் துளசி, பிள்ளையாருக்கு அருகம்புல் என்பது வழக்கம். திருமூலர் 'பச்சிலை' என்று மட்டும்தான் சொல்கிறார், எந்த இலை என்று சொல்லவில்லை. கீதையிலும் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் இலையோ பூவோ பழமோ தண்ணீரோ, பக்தியோடு கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். எது கிடைக்கிறதோ அது. ஆனால் என் அனுபவத்தில், நீங்களே தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியின் இலைக்கும் கடையில் வாங்கிய இலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் அந்த ஒரு நிமிடமும் பூசையோடு சேர்ந்துவிடுகிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் துளசி எளிது. தினமும் நாலைந்து மணி நேரம் வெயில் படும் பால்கனி போதும். பூங்கதிர் விட்டதும் கிள்ளிவிடுங்கள், செடி அடர்ந்து வளரும். அருகம்புல் ஒரு தொட்டியில் வைத்தால் தானே படரும். வில்வக் கன்று நர்சரிகளில் கிடைக்கும். பெரிய தொட்டியில் சில வருடம் தாராளமாக வரும், முள் இருக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம். வாங்குவதானால் சிவன் கோயில் வாசல் பூக்கடையில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சாத்திய வில்வத்தையே அலசி மறுபடி சாத்தலாம் என்று மரபு அனுமதிக்கிறது. காய்ந்த இலையைக் குப்பையில் போடாமல் அதே தொட்டி மண்ணில் போட்டுவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் இலை பறிப்பதில்லை என்ற பழக்கத்தையும் கடைப்பிடிக்கலாம். செடியும் தூங்கும் என்று என் அப்பாயி சொல்வாள்.

இலை இல்லாத நாள் வந்தால்? திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே அடிக்கல் நாட்டி, மதில் எழுப்பி, கிணறு வெட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். சிவன் மன்னன் கனவில் வந்து, நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாளில் வை என்றார் என்கிறது பெரிய புராணம். வெளியூரில், விடுதி அறையில், இரயிலில் இருக்கும் நாளில் கண்ணை மூடி, உங்கள் பால்கனிச் செடியிலிருந்து ஓர் இலையை மனசால் பறித்து வையுங்கள். எந்தக் கிளையிலிருந்து பறிக்கிறீர்கள் என்பது வரை தெளிவாகத் தெரிய வேண்டும். சும்மா நினைத்துக்கொண்டேன் என்று தப்பித்துக்கொள்ள இடம் வைக்காதீர்கள்.

கைப்பிடி

கும்பகோணம் பக்கத்தில் அப்பாயி வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். தனியாக இன்னொரு பிடி பானையிலிருந்து எடுக்க மாட்டாள். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அது ஏன் என்று கேட்டேன். "நம்ம சோத்துலேர்ந்துதாண்டா குறையணும்" என்றாள். எங்கள் தட்டில் ஒரு கவளம் குறைந்தால்தான் அது கொடுத்ததாகும் என்று அர்த்தம். கலயம் நிறைந்ததும் அரிசி எங்கே போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

இந்தப் பிடி அரிசிப் பழக்கம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தது. காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதையே பிடி அரிசித் திட்டமாகச் சொல்லி, ஊர் ஊராக ஏழைகளுக்குச் சோறு போக வழி செய்தார். நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். மூடியுள்ள ஒரு டப்பாவை அரிசி டப்பாவின் பக்கத்திலேயே வையுங்கள். வேறு அலமாரியில் வைத்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும். குக்கரில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அதில் போடுங்கள். வண்டு வராமல் இருக்க நிழலில் உலர்த்திய வேப்பிலையோ நாலு காய்ந்த மிளகாயோ உள்ளே போட்டு வையுங்கள்.

என் கைப்பிடியைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், நாற்பத்தைந்து கிராம். முப்பது நாளைக்கு 1 கிலோ 350 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே சோறு ஆகும். வீட்டில் ஒருவர் கூட இதனால் பசியோடு எழுந்திருக்கவில்லை.

டப்பா நிறைந்ததும் உடனே கொடுத்துவிடுங்கள், சேர்த்துச் சேர்த்து மூட்டையாக்கக் காத்திருக்காதீர்கள். அரிசி ஏற்றுக்கொள்ளும் மடங்கள், ஆசிரமங்கள், முதியோர் இல்லங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. போவதற்கு முன் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். அரிசி குவிந்து கிடக்கும் இடத்தில் பருப்போ எண்ணெயோ தேவைப்படலாம். 2002-ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் பல கோயில்களில் தினமும் மதியம் அன்னதானம் நடக்கிறது. அங்கே அன்னதான உண்டியல் தனியாக இருக்கும். வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. ஒரு முறையாவது அங்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். கொடுப்பதைப் பற்றி நான் எழுதுவதைவிட அந்தப் பந்தி அதிகம் சொல்லும்.

மெஸ்ஸிலோ விடுதியிலோ சாப்பிடுகிறவர்களுக்குச் சமைக்கும் பானை கிடையாது. சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கும்போதெல்லாம் ஐந்து ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள். வீட்டுக்கு உணவு வரவழைத்துச் சாப்பிடுகிற நாளில், கொண்டுவந்த தம்பிக்கு ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். சித்திரை வெயிலில் மூன்று மாடி ஏறி வந்தவருக்கு அதுவும் கைப்பிடிதான்.

இங்கே இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். முதலாவது, மிச்சத்தைக் கொடுத்துவிட்டு அதைக் கைப்பிடிக் கணக்கில் எழுதாதீர்கள். மீந்த சாம்பாரை வீணாக்காமல் கொடுப்பது நல்ல காரியம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் திருமூலர் 'உண்ணும்போது' என்றார், உண்டபின் என்று சொல்லவில்லை. நாம் கை வைப்பதற்கு முன்னால் எடுத்து வைப்பதுதான் இது.

இரண்டாவது, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வைத்திருக்கும் வீட்டில் முதலில் அந்த டம்ளரை எடுத்துவிடுங்கள். நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே அவருக்கும் காபி கொடுங்கள். உட்காரச் சொல்லிக் கொடுங்கள். திருமந்திரத்திலேயே இன்னொரு பாட்டு இருக்கிறது. படமாடும் கோயிலில் இருக்கும் பகவனுக்கு ஒன்றைக் கொடுத்தால் அது நடமாடும் கோயிலான அடியாருக்குப் போய்ச் சேராது, நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தால் அது படமாடும் கோயிலில் இருக்கும் பகவனுக்கும் போய்ச் சேரும் என்கிறது. காலையில் பச்சிலை வைத்த அதே கையால் தனி டம்ளரை நீட்டுகிறோம் என்றால் அந்த இலை எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொடுப்பதைப் படம் எடுக்க வேண்டாம், ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். வாங்குகிறவருக்கும் ஒரு முகம் இருக்கிறது.

வாயுறை

திருமூலருக்கும் பசுவுக்கும் உள்ள தொடர்பைத் தெரிந்துகொண்டால் இந்த வரி வேறு மாதிரி கேட்கும். கயிலையிலிருந்து தெற்கே வந்த சிவயோகி ஒருவர் திருவாவடுதுறையை விட்டுக் கிளம்புகிறார். காவிரிக் கரையில், சாத்தனூரில், மாடு மேய்க்கும் மூலன் என்பவன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று, முகர்ந்து பார்த்து, கதறுகின்றன. அந்தப் பசுக்களின் துயரத்தைத் தீர்க்க வேண்டும் என்பதற்காகத் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்தார் யோகி. மூலன் எழுந்தான், பசுக்கள் மகிழ்ந்தன. மாலையில் அவற்றை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பிவந்து பார்த்தால் அவருடைய பழைய உடல் இல்லை. அப்புறம் அந்த இடையனின் உடலிலேயே இருந்து, திருவாவடுதுறை அரசமரத்தடியில் அமர்ந்து பாடியதுதான் திருமந்திரம் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. மாடுகளின் அழுகையைப் பொறுக்க முடியாதவர் சொன்ன வாயுறை இது.

அப்பாயி வீட்டில் அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல் எல்லாம் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். இப்போது நமக்குப் பால் பாக்கெட்டில் வருகிறது, பசுவின் முகமே தெரியாது. ஆகவே நகரத்தில் இதற்குக் கொஞ்சம் முயற்சி வேண்டும். உங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் பால்காரர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் காலிபிளவர் இலை, கீரைத் தண்டு, முள்ளங்கி இலை, வாழைப்பழத் தோல் இவற்றை ஒரு வாளியில் சேர்த்துத் தினமும் கொடுக்கலாம். அவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். கோயில் கோசாலை பக்கத்தில் இருந்தால் வாரம் ஒரு நாள் ஒரு கட்டு அகத்திக்கீரை. அமாவாசையன்று கோயில் வாசல் மாடுகளுக்கு அகத்திக்கீரை மலைபோலக் குவியும், நீங்கள் ஒரு புதன்கிழமை போங்கள்.

சில எச்சரிக்கைகள். மாட்டுக்குப் பிளாஸ்டிக் பையோடு எதையும் போடாதீர்கள், பக்கத்தில் பையை வைக்கவும் செய்யாதீர்கள். உணவு வாசனைக்குப் பையையும் சேர்த்து விழுங்கிவிடும், அது இரைப்பையிலேயே தங்கிப் பந்துபோல் சேர்ந்து மெல்ல மெல்லக் கொல்லும். சோறு, பொங்கல், மாவுப் பண்டங்களை அதிகமாகக் கொடுக்காதீர்கள். மாட்டின் இரைப்பை புல்லுக்கும் வைக்கோலுக்கும் ஆனது. சோறு அதிகமானால் அங்கே அமிலம் கூடி, வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுப் பொங்கலை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் இதைத் தவறாமல் எச்சரிக்கிறார்கள். பின்னாலிருந்து நெருங்காதீர்கள், அது உங்களைப் பார்க்கும்படி பக்கவாட்டில் போய்க் கொடுங்கள். நடுரோட்டில் நிறுத்தி ஊட்ட வேண்டாம். 'ஒரு வாயுறை' என்ற அளவு மாட்டின் நன்மைக்கும் பொருந்துகிறது.

பசுவே எட்டாத இடத்தில் இருக்கிறீர்களா? காக்கைக்கு ஒரு பிடி சோறு வையுங்கள். பால்கனியில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். எங்கள் பால்கனிக்கு ஒரு காக்கை வருகிறது, அதற்கு ஒரு கால் லேசாக மடங்கியிருக்கும். ஏழேகால் ஆனால் கம்பியில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு நாள் நான் தாமதித்தால் சமையலறை ஜன்னலுக்கே வந்து கூப்பிடும். என் வீட்டில் எனக்காகக் காத்திருக்காமல், நான் வைக்கும் சோற்றுக்காகக் காத்திருக்கும் ஓர் உயிர் இருக்கிறது என்ற நினைப்பு காலை நேரத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னுரை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், நான்கில் இதற்குத்தான் காசே தேவையில்லை, ஆனால் இதுதான் மிகக் கடினம். இலை வைக்க மறந்தால் நமக்கே தெரியும். கடுமையாகப் பேசியது பல நேரம் நமக்குத் தெரிவதே இல்லை, கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

என் அப்பா ஊரில் இருக்கிறார். பகல் பதினொரு மணிக்கு, நான் வேலையில் மூழ்கியிருக்கும்போது போன் செய்வார். நான் எடுத்ததும் சொல்வது, "சொல்லுங்கப்பா, என்ன விஷயம்?" ஒரு நாள் அவர் சற்றுத் தயங்கி, "விஷயம்லாம் ஒண்ணும் இல்லப்பா... வெச்சுடட்டுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. தொந்தரவு கொடுத்துவிட்டோமோ என்ற கூச்சம் இருந்தது. என்னைத் தோளில் தூக்கி நடந்த மனிதர், என்னிடம் பேச ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. நான் சொன்னதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. தொனியில் இருந்தது எல்லாம். அன்றிலிருந்து, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குகிறேன். நேரமில்லாத நாளில், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், ஒரு மணிக்கு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி, ஒரு மணிக்கு மறக்காமல் கூப்பிடுகிறேன்.

ஆகவே முதல் படி: ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரிடமும் இனிமையாகப் பேசுவேன் என்று தீர்மானம் போட்டால் அன்று மாலையே உடைந்துவிடும். உங்கள் குரல் யாரிடம் அதிகம் கடுமையாகிறது? பெரும்பாலும் அது வீட்டில்தான் இருக்கும். மனைவி, கணவர், அம்மா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. அந்த ஒருவரிடம் நாளுக்கு ஒரு வாக்கியம், வேலை எதுவும் சொல்லாத, குறை எதுவும் சொல்லாத ஒரு வாக்கியம் பேச வேண்டும். "இன்னைக்குக் குழம்பு நல்லா இருந்துச்சு" போதும். ஆனால் நிஜமாகவே நன்றாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று வரும். இனிமையாகப் பேசுவதென்றால் பொய் சொல்வதா? அலுவலகத்தில் தப்புச் செய்தவரைக் கண்டிக்கக் கூடாதா? கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் வாக்கினால் செய்யும் தவம் எது என்று சொல்லப்பட்டிருக்கிறது. கேட்பவர் மனத்தைக் கலக்காத சொல், உண்மையான சொல், பிரியமான சொல், நன்மை தரும் சொல். நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். முகத்துதியில் உண்மை இருக்காது, சுடுசொல்லில் பிரியம் இருக்காது. கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள், நாலு பேர் எதிரில் வேண்டாம், தனியே கூப்பிட்டு. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதை விட்டுவிட்டு, "இந்தக் கணக்கு ரெண்டு இடத்துல தப்பா இருக்கு, சேர்ந்து பார்ப்போமா?" என்று சொல்லிப் பாருங்கள். வேலையும் நடக்கும்.

இரண்டாவது படி, கைபேசியில் எழுதும் சொற்கள். வாட்ஸ்அப்பில் கோபத்தோடு எதையாவது தட்டச்சு செய்தால் அனுப்பாதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். திரும்பி வந்து, அனுப்புபவராக அல்லாமல் வாங்குபவராக அதைப் படியுங்கள். பாதி நேரம் அழித்துவிடுவீர்கள். குடும்பக் குழுக்களில் நடக்கும் அரசியல் சண்டைகளுக்கு இது மிகவும் உதவும். சித்தப்பாவை வாதத்தில் ஜெயித்து, அடுத்த கல்யாணத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கி நிற்பதில் என்ன இருக்கிறது?

மூன்றாவது, பெயர் தெரியாதவர்கள். வாட்ச்மேன் அண்ணன், லிப்ட் பழுது பார்க்க வருபவர், கடன் வேண்டுமா என்று கூப்பிடும் பெண். அந்தப் பெண்ணுக்கு நாளுக்கு எத்தனையோ பேர் பேச்சின் நடுவிலேயே துண்டிக்கிறார்கள். "இல்லைம்மா, வேண்டாம், நன்றி" என்று சொல்ல மூன்று வினாடி. வாட்ச்மேனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயரோடு 'அண்ணே' சேர்த்துக் கூப்பிடுங்கள்.

தவறிவிட்டால்? தவறும். நாக்கு வேகமானது. அன்று இரவு படுப்பதற்கு முன் அவரிடம் போய், "காலைல கொஞ்சம் சத்தமா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். 'ஆனா நீங்களும்' என்று தொடரக் கூடாது. அந்த 'ஆனா' வந்தால் மன்னிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. 'இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்ற குறளைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். எழுதி ஒட்ட வேண்டிய இடம் வீட்டில் அதிகம் சண்டை நடக்கும் இடம். எங்கள் வீட்டில் அது சமையலறைக் கதவு.

இடையில் வரும் சிக்கல்கள்

நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து எண்ண வேண்டாம். விட்ட நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து தொடருங்கள். நாங்கள் வீட்டு மாதக் காலண்டரில் செய்த நாளுக்குக் கோலப்புள்ளி மாதிரி ஒரு புள்ளி வைக்கிறோம். நான்கும் செய்தால் நான்கு புள்ளி. முதல் மாதத்தில் எனக்கு நான்கு புள்ளி கிடைத்தது ஆறே நாள்.

வீட்டில் தீட்டு என்றால் பச்சிலை நிற்கும், அது உங்கள் குடும்ப வழக்கப்படி. மற்ற மூன்றையும் எந்தத் தீட்டும் தடுக்காது. துக்க வீட்டில் இன்னுரைதான் அதிகம் தேவை.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஈடுபாடு இல்லையென்றால் அவர்களை இழுக்காதீர்கள், உபதேசமும் வேண்டாம். நீங்கள் பாட்டுக்குச் செய்யுங்கள். குழந்தைகள் இருந்தால் பிடி அரிசியை அவர்கள் கையால் எடுக்கச் சொல்லுங்கள். சின்னக் கை, சின்னப் பிடி, பரவாயில்லை.

நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் தியானம், ஜபம், திருமுறை ஓதுதல் என்று எதில் மனம் போகிறதோ அதைச் சேர்க்கலாம். திருமூலர் யோகத்தின் முதல் படியான இயமத்தைச் சொல்லும்போது கொல்லாமை, பொய்யாமை, களவின்மை என்று போகிற வரிசையில் பகுத்துண்பதையும் வைத்திருக்கிறார். அடுத்த படியான நியமத்தில் தானத்தையும் வைத்திருக்கிறார். அந்த இடத்துக்கு நீங்கள் வரும்போது அதில் பாதி ஏற்கனவே உங்களுக்குப் பழகியிருக்கும். நல்ல குரு கிடைத்தால் தீட்சையைப் பற்றி அப்போது கேளுங்கள். அப்போதும் இந்த நான்கை விட்டுவிடாதீர்கள்.

இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு சிறிய தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தெருவிலோ தோட்டத்திலோ பக்கத்து வீட்டுத் தொட்டியிலோ நாளைக்கு எந்தச் செடியிலிருந்து ஓர் இலை எடுக்கலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் தொட்டி என்றால், அவர்களிடம் இப்போதே போய்க் கேட்டுவிடுங்கள்.